கேமராவைத் திருப்பச் சொன்ன டாக்டரம்மாவுக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் ஐயா அவர்களே, அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கிற டாக்டர்மார்களே, முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிற டாக்டரம்மாவின் வீட்டுக்காரரே, வாசல் வரைக்கும் நிற்கிற அலுவலகத்துப் பிள்ளைகளே, அதோ சுவரில் மாட்டிய பெரிய திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிற தூர தேசத்துப் பிள்ளைகளே, அந்தத் திரையில் தெரியாத பிள்ளைகளே! உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

தெரியாதவர்களுக்கு எதற்கு வணக்கம் என்று நினைப்பீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். டாக்டரம்மா என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டரம்மா வாங்கிய பட்டங்களைச் சொன்னார்கள். சுரப்பி நோய் வைத்தியத்தில் அவருக்கு இருந்த பெயரைச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பட்டங்களை எல்லாம் வாயில் போட்டு நொறுக்கி அவருக்கு அவமரியாதை செய்ய எனக்கு மனசில்லை. எனக்குத் தெரிந்த பட்டம் ஒன்றே ஒன்று. தூர தேசத்துக் கேம்ப்பில் இருக்கிற பிள்ளைகள் அவருக்குக் கொடுத்த பட்டம். என்ன அது? "கேமராவைத் திருப்பம்மா!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்கும் அது பிடிக்கும். திரையில் ஒரு நோயாளி வந்து உட்கார்ந்து வணக்கம் சொன்னால், டாக்டரம்மா பதில் வணக்கம் சொல்லி முடித்ததும் முதல் பேச்சு இதுதான்: "சரி, கேமராவைத் திருப்பு. உன்னை அப்புறம் பாக்கிறேன். நீ இருக்கிற இடத்தைக் காட்டு." படுக்கையைக் காட்டச் சொல்வார். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறாய், காட்டு என்பார். செருப்பைக் காட்டச் சொல்வார். வீட்டிலேயும் அந்தப் பழக்கம் விடவில்லையாம். வீட்டுக்கார ஐயா காய்கறிக் கடையில் நின்று, எது வாங்கட்டும் என்று போனில் காட்டினால், "கேமராவைத் திருப்புங்க, உங்க முதுகுப் பக்கம் இருக்கிற கூடையில நல்லதா இருக்கும்" என்பாராம். இருந்ததாம். ஐயாவே சொல்லி வருத்தப்பட்டார். வருத்தமா பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார்? தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் செய்கிற ஒரு தப்பு அவருக்குத் தெரியும். நோயாளி டாக்டரைப் பார்க்க எப்படிப் போக வேண்டும்? நோயோடு போக வேண்டும். ஆனால் திரையில் வருகிற பிள்ளைகள் எப்படி வருகிறார்கள்? முகம் கழுவி, தலை வாரி, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, அறையிலேயே வெளிச்சமான மூலையைத் தேடி உட்கார்ந்து வருகிறார்கள். திரை என்றால் அவர்களுக்கு வீடு. திரையில் அம்மாவைப் பார்த்துப் பார்த்து, 'நான் நல்லாயிருக்கேன்' என்று காட்டுவதே அவர்களுக்குப் பழகிவிட்டது. டாக்டரிடமும் அதையே செய்துவிடுகிறார்கள். என் பேத்தியும் அதைத்தான் செய்தாள்.

என் பேத்தியைப் பற்றிப் பெருமை பேசாமல் எனக்கு இந்தக் கதை சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டி வேலைக்குப் போன முதல் பெண் அவள். மின்கம்பத்தில் ஏறுகிறவள். இந்த நிறுவனம் வெளிநாட்டு மலைகளில் கம்பி இழுத்து, கம்பம் நட்டு, அதைக் காத்து வருகிறது இல்லையா? அதில் ஒரு சின்ன கேம்ப்புக்கு அவளை அனுப்பினார்கள். பனி பெய்கிற ஊர். பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமானால் வாரம் ஒரு தடவை வருகிற குட்டி விமானம்தான். காய்ச்சல், தலைவலிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க முதலுதவி படித்த ஒரு மேஸ்திரி இருந்தார். அதற்கு மேல் ஒன்று வந்தால்? அதற்கு மேல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

பெரிய கேம்ப்புகளுக்கு அப்போதே திரை வைத்தியம் இருந்தது. இதய டாக்டர், தோல் டாக்டர், சுரப்பி டாக்டர் என்று இங்கிருந்தே பார்ப்பார்கள். டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் உட்காரப் பிடிக்காமல், இங்கே வந்து தொடங்கி வைத்தது அது. ஆனால் சின்ன கேம்ப்புக்கு அது கிடையாது. அங்கே நர்ஸ் இல்லை, கருவி இல்லை, இங்கிருந்து டாக்டர் பேசினால் அங்கே தொட்டுப் பார்க்கக் கை இல்லை. அதுதான் சொன்ன காரணம். கை இல்லை.

அங்கே போய்ச் சில மாதத்தில் பேத்தி இளைத்தாள். தூக்கம் போயிற்று. கம்பத்தில் ஏறினால் கை நடுங்குகிறது என்று அவளைக் கீழே வேலைக்கு மாற்றினார்கள். சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கும். மேஸ்திரி வீட்டு ஏக்கம் என்றார். கேம்ப் அதிகாரியும் அதையே எழுதி அனுப்பினார். எங்கள் வீட்டிலும் அதையேதான் பேசினோம். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று அவள் சித்தப்பா ஒருவர், எல்லா நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருக்கிறவர், சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஓர் உத்தரவு வந்தது. இந்த இடத்துக்கு இவர் மனத்தளவில் தகுதியில்லாதவர், திருப்பி அனுப்புகிறோம் என்று. அடுத்த விமானத்தில் ஏற வேண்டும்.

வேலை போனால் போகட்டும். ஆனால் அந்த வார்த்தை அவளோடே வரும், இல்லையா? இனி எந்த வெளியூர் வேலைக்குக் கேட்டாலும் அந்த வார்த்தை முன்னால் போய் நிற்கும். அவள் அழுதது அதற்குத்தான். நான் சேலையை மாற்றிக்கொண்டு இந்த அலுவலகத்துக்குப் புறப்பட்டு வந்தேன்.

கீழே வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். முன்கூட்டிச் சொல்லாமல் பணியாளர் பிரிவில் யாரையும் பார்க்க முடியாது என்றாள். எனக்கு வீட்டில் அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அங்கேயே சோபாவில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு காப்பி மெஷின். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டின ஓர் அம்மா அதைக் குத்திக்கொண்டிருந்தார். குத்திய குத்தில் அது ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தது. ஒன்றை என்னிடம் நீட்டி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"என் பேத்தியைப் பயந்தாங்கொள்ளின்னு எழுதினவங்களை" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்கிறது அவளுக்கு என்றார். வீட்டு ஏக்கமாம் என்றேன்.

"அது அவங்க சொன்னது. நீங்க என்ன பாத்தீங்க, அக்கா?"

யோசித்துப் பாருங்கள். அதுவரைக்கும் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். இளைத்தது, தூங்காதது, படபடவென்று பேசுவது. சாப்பாடு எப்படி என்றார். அதில் குறை இல்லை, இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறேன் என்று அவளே சொல்லிச் சிரித்தாள் என்றேன். அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"வீட்டு ஏக்கம் புடிச்சவங்க ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட மாட்டாங்களே" என்றார்.

அப்புறம்தான் தான் யார் என்று சொன்னார். பெரிய கேம்ப்பைப் பார்க்க மட்டும்தான் தனக்கு உத்தரவு என்றும் சொன்னார். "ஆனா ஒரு பாட்டி பேத்தியோட பேசும்போது பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு எந்த உத்தரவும் இல்லையே. போனை எடுங்க."

எடுத்தேன். பேத்தி வந்தாள். தலை வாரி, கழுத்தைச் சுற்றி அழகாக ஒரு துண்டு கட்டி, அந்த அறையில் வெள்ளையடித்த ஒரே சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, 'நான் நல்லாயிருக்கேன் பாட்டி' என்றாள். டாக்டரம்மா என் தோளுக்கு மேலே எட்டி, "பொண்ணே, கேமராவைத் திருப்பு" என்றார். யார் பாட்டி இது என்றாள். டாக்டராம், திருப்பு என்றேன்.

திருப்பினாள். இரண்டு கட்டில். ஒரு கட்டிலில் கம்பளி மேல் கம்பளி. அதற்குள்ளே குல்லா போட்ட ஒரு பெண், மூக்கு மட்டும் தெரிகிறது. பேத்தியின் கட்டிலில் ஒரே ஒரு மெல்லிய விரிப்பு. அதற்கு மேலே ஜன்னல். அது முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஜன்னல் விளிம்பில் பனி.

ஜன்னலை யார் திறந்தது என்றார் டாக்டரம்மா. நான்தான் மேடம், வேகுது என்றாள் பேத்தி. கம்பளிக்குள்ளேயிருந்து அந்தப் பெண், "மேடம், இவகூட ஒரே ரூம்ல இருந்து நான் ஐஸ் கட்டி ஆயிட்டேன்" என்றாள்.

பனி பெய்கிற ஊரில் ஒரு பெண்ணுக்கு வேகிறது. அதை எத்தனை பேர் பார்த்தோம்? நாங்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தோம். டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார்.

கழுத்துத் துண்டை அவிழ்க்கச் சொன்னார். தண்ணீர் குடிக்கச் சொல்லி, விழுங்கும்போது கழுத்தில் எது ஏறி இறங்குகிறது என்று பார்த்தார். அவள் துண்டு கட்டியதே அங்கே லேசாக வீங்கியிருந்ததை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக! இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொன்னார். தாள் சலசலத்தது. ஜன்னலை மூடச் சொன்னார். மூடிய பிறகும் தாள் நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. டாக்டரம்மாவுக்கு நாடி தெரிய வேண்டும். பேத்திக்கோ தன் கை தனக்கே நிற்கவில்லை. அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கேம்ப் சமையல்காரர் வந்தார். அடுப்பை விட்டு வந்திருக்கிறார், கையில் கரண்டி இருக்கிறது என்று அவரே சொன்னார். "நல்லதாப் போச்சு, கீழே வைக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை வைக்கச் சொன்னார். துடிக்கிறதா என்றார். துடிக்கிறது என்றார் அவர். "எண்ண வேண்டாம். ஒவ்வொரு துடிப்புக்கும் மேஜையில ஒரு தட்டு தட்டுங்க. நான் இங்க எண்ணிக்கிறேன்."

தட்டினார். தகர மேஜை. அந்தச் சத்தம் கீழே வரவேற்பறை முழுக்கக் கேட்டது. லிப்டுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டக் டக் டக் டக் என்று நிற்காமல், ஒன்றின் மேல் ஒன்று விழுகிற மாதிரி. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க பேத்திக்கு வீட்டு ஏக்கமும் இல்ல, பயமும் இல்லக்கா. அவ உக்காந்த இடத்துல ஓடிக்கிட்டிருக்கா" என்றார்.

தைராய்டு. கழுத்துச் சுரப்பி அளவு மீறி வேலை செய்தால் இப்படி எல்லாம் ஆகுமாம். கை நடுங்கும், வேகும், இளைக்கும், அழுகை வரும். அவளை ஏற்றிக்கொண்டு வரவேண்டிய விமானத்தில் அவளுடைய ரத்தம் மட்டும் ஏறிப் போயிற்று. சோதனையில் டாக்டரம்மா சொன்னதே வந்தது. மாத்திரை போயிற்று. டாக்டரம்மா பணியாளர் பிரிவுக்குப் போய் என்ன பேசினாரோ, அந்த உத்தரவு திரும்பிப் போயிற்று. என் பேத்தி அங்கேயே இருந்தாள். மறுபடி கம்பத்தில் ஏறினாள். இன்றைக்கு அந்தக் கேம்ப்புக்கு அவள்தான் பொறுப்பு. திரையில் மேல் வரிசையில் மூன்றாவது கட்டம். ஜன்னல் மூடியிருக்கிறதா, பாருங்கள்.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ஒரு பிள்ளையைக் காப்பாற்றினோம் என்று சந்தோஷப்பட்டுப் போயிருப்பார். டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா? "இந்தக் கேம்ப்ல ஒரு பொண்ணுக்குப் பாட்டி கோவக்காரி. அதனால தப்பிச்சா. பாட்டி கோவக்காரியா இல்லாத பிள்ளைங்க என்ன செய்வாங்க?"

அன்றைக்குத் தொடங்கியதுதான் அவருடைய சண்டை. சின்ன கேம்ப்புக்கும் சிறப்பு டாக்டர் வேண்டும் என்ற சண்டை. கை இல்லையே என்றார்கள். சமையல்காரருக்குக் கை இல்லையா என்று கேட்டார் இவர். ஸ்டோர் கீப்பருக்குக் கை இல்லையா? டிரைவருக்குக் கை இல்லையா? கை எல்லாருக்கும் இருக்கிறது. அந்தக் கைக்குப் புரிகிற மாதிரி டாக்டருக்குப் பேசத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார்.

அதற்குத்தான் என்னை இங்கே வரவழைத்தார். மூன்றாம் மாடியில் ஓர் அறையில் நானும், நோயாளியாகப் படுக்க, டாக்டரம்மாவுக்கு உதவியாக இருந்த நம் நர்ஸ் தம்பியும். அடுத்த அறையிலிருந்து டாக்டரம்மா திரையில் பேசுவார். அவர் சொல்வது எனக்குப் புரிந்து நான் சரியாகச் செய்தால் அந்த வார்த்தை கேம்ப்புக்குப் போகும். நான் தப்பாகச் செய்தால் திட்டு எனக்கு இல்லை, வார்த்தைக்கு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு சொல்வார். வயிற்றை அழுத்திப் பார்க்கச் சொன்னார். நான் அழுத்தினேன். தம்பிக்குக் கூச்சம், துள்ளி விழுந்தார். முதலில் முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குச் சேர்த்தார். வலது பக்கம் என்று திரையில் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி நான் இடது பக்கம் தொட்டேன். அவர் தன் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் சொன்னார்: "நீங்க இப்ப தொட்டது இங்கேன்னா சிரிப்பு. அங்கேன்னா குடல்வால் வெடிக்கிற வரைக்கும் நான் வேற எதையோ பாத்துக்கிட்டிருப்பேன்." அன்றிலிருந்து எந்தக் கேம்ப்பிலும் நோயாளியின் வலது மணிக்கட்டில் முதலில் ஒரு கைக்குட்டை கட்டுகிறார்கள். சரியான கையில்தான் கட்டினார்களா என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு வலது இடது என்ற பேச்சே கிடையாது. கைக்குட்டைப் பக்கம், கைக்குட்டை இல்லாத பக்கம்.

என்னை எல்லாரும் பாராட்டுகிறார்கள், நான் எவ்வளவு கற்றுக்கொண்டேன் என்று. நான் கற்றுக்கொண்டால் அவருக்கு நஷ்டம்! "அக்கா, நீங்க கத்துக்கிட்டா எனக்கு வேலைக்கு ஆக மாட்டீங்க, மறந்துட்டு வாங்க" என்பார்.

அப்புறம் அந்தக் கூட்டம். தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் போனால் டாக்டரம்மா என்னைத் திட்டுவார். சின்ன கேம்ப்புக்குத் திரை வைத்தியம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய மேலே பெரிய அறையில் கூடினார்கள். டாக்டரம்மா வெளியே போய் வேறு அறையில் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே இருந்தேன், கையில் ஒரு கரண்டி. யாராவது ஒருவர் நோயாளியாக வேண்டும் என்றார் திரையில். தலைவர் ஐயாவே பெரிய மனசோடு கையை நீட்டினார். நான் விரலை வைத்துத் தட்டத் தொடங்கினேன். நிதானமாக, அழகாக இருந்தது தட்டு. ஆரோக்கியமான மனிதர்.

அப்போது டாக்டரம்மா கேட்டார், இந்தத் திட்டத்தைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன என்று. ஐயா ரொம்பப் பொறுமையாக, தனக்கு இதில் எந்த எதிர்ப்பும் இல்லை, நடைமுறைச் சிக்கல்களைத்தான் யோசிக்கிறேன் என்றார். என் கரண்டி ஓட ஆரம்பித்தது. நான் என்ன செய்ய? துடித்ததைத் தட்டினேன்.

திரையிலிருந்து டாக்டரம்மா, "சார், எதிர்ப்பு இல்லைன்னு நீங்க சொல்றீங்க. கரண்டி வேற மாதிரி சொல்லுதே" என்றார்.

அந்த அறையில் முதலில் சிரித்தது தலைவர் ஐயாதான். அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். சிரித்தார், அப்புறம் தன் கையை எடுத்துத் தானே பார்த்துக்கொண்டார். டாக்டர் கண்ணில் படாத ஒரு துடிப்பை, அடுத்த அறைக்கு ஒரு கரண்டி கொண்டுபோய்ச் சேர்த்ததை அவரே தன் கையில் உணர்ந்தார். சின்ன கேம்ப் எல்லாவற்றுக்கும் அன்றைக்கு உத்தரவு போட்டார். அந்தத் திரையில் இருக்கிற கட்டங்களில் பாதிக்கு மேல் அந்த உத்தரவில் வந்த முகங்கள்.

அதற்குப் பிறகு எத்தனை டாக்டர்களைப் பிடித்து இழுத்து வந்தார்! இந்த மேடையில் இருக்கிற தோல் டாக்டர் முதலில் மறுத்தார். கேம்ப் விளக்கில் எல்லார் தோலும் மஞ்சளாகத்தான் தெரியும், எதை வைத்துச் சொல்வது என்றார். புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் விளக்கு எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும், வருகிறீர்களா என்று கேட்டார் டாக்டரம்மா. வந்துவிட்டார். மனநல டாக்டரை ஏற்பாடு செய்தார். அவரிடம் ஒரு டிரைவர் மட்டும் வாயே திறக்கவில்லை. எல்லாரும் அவரை அழுத்தக்காரர் என்றார்கள். டாக்டரம்மா என்ன செய்திருப்பார்? கேமராவைத் திருப்பச் சொன்னார். பார்த்தால், சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் சாப்பாட்டுக் கூடம். சுற்றிலும் ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து எந்த மனிதன் தன் மனசைச் சொல்வான்? லாரியைக் கூடத்தின் சுவரோரமாகக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பேசினார் அந்த டிரைவர். என்ன பேசினார் என்று நமக்குத் தெரியாது. தெரியக் கூடாது. இன்றைக்கு அவர் திரையில் இருக்கிறார் என்பது போதும்.

இனி அந்தத் திரையில் இல்லாதவர்களுக்கு வருகிறேன்.

கேம்ப்புக்கும் அப்பால், மலை மேலே, கம்பி போகிற வழியில் கொட்டகைகள் இருக்கின்றன. மூன்று பேர், நாலு பேர் தங்கிக் கம்பியைக் காக்கிற கொட்டகைகள். பனிக்காலத்தில் அவர்களாக இறங்கி வரவும் முடியாது, ஒருவர் ஏறிப் போகவும் முடியாது. அங்கே படம் போகாது. குரல் மட்டும் போகும், அதுவும் கரகரவென்று. படம் போகாத இடத்துக்குத் திரை வைத்தியம் எப்படி என்று அவர்களை விட்டுவிட்டோம். படம் போகாத இடத்துக்கும் தட்டு போகும் என்றார் டாக்டரம்மா. அதை நிரூபிக்கத்தான் கடைசி வரை வேலை செய்தார். அது முடிவதற்குள் அவர் இதயமே அவரைப் படுக்க வைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். குரல் இறங்கிப் போயிருந்தது. நர்ஸ் தம்பியும் பக்கத்தில் இருந்தார். நான் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்கப் போனேன். அவர் கேட்கவிடவில்லை. கையை நீட்டி, தட்டுங்கள் என்றார். மருந்து கலக்கி வைத்திருந்த ஸ்பூனை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டினேன். இரண்டு ஒழுங்காக வரும். அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல் விழும். மறுபடி ஒன்றும் இல்லை. நான்தான் தவறவிடுகிறேன் என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து தட்டட்டுமா டாக்டரம்மா என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க சரியாத்தான் தட்டுறீங்க. தடுமாறுறது என் இதயம், உங்க கை இல்ல."

அப்புறம் தம்பியைப் பார்த்து, இதைச் சேர்த்துக்கொள் என்றார். கொட்டகையில் தட்டுகிறவர் தடுமாறித் தட்டினால் அவரைத் திட்டாதே, திருத்தாதே, ஒழுங்காகத் தட்டு என்று சொல்லாதே. சொன்னால் பயந்துபோய் ஒழுங்காகத் தட்டிவிடுவார், நோயாளி போய்விடுவார். அந்தத் தடுமாற்றம்தான் சேதி. அதைக் கேட்டு இதய டாக்டரைக் கூப்பிடு. இதுதான் அவர் கடைசியாகச் சொல்லிக் கொடுத்த பாடம். தன் இதயம் கெட்டுப் போனதையும் ஒரு பாடமாக்கிக் கொட்டகைப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் கண்ணை மூடினார். இவரை என்னவென்று சொல்வது? எந்தப் பட்டம் கொடுப்பது?

ரொம்ப நாளாக நான் ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். தூரம் என்பது என்ன? கடலும் மலையும்தான் தூரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. என் பேத்தி திரைக்கு முன்னால் துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்தாளே, அதுதான் தூரம். நாம் அந்தச் சிரிப்பைப் பார்த்து நிம்மதியாகப் போனை வைத்தோமே, அதுதான் தூரம். டாக்டரம்மா அதைத்தான் குறைத்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து என்ன செய்யப் போகிறோம்? நர்ஸ் தம்பி அந்த மூன்றாம் மாடி அறையைப் பூட்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நான் வருவேன், வந்து தப்பாகச் செய்வேன், கால் ஓடுகிற வரைக்கும். இந்த மேடையில் இருக்கிற இதய டாக்டர் குரலை மட்டும் கேட்டுப் பார்க்கத் தயார் என்கிறார். என் பேத்தியும் அந்தக் கேம்ப் சமையல்காரரும் பனி விழுவதற்கு முன்னால் கொட்டகை கொட்டகையாக ஏறிப்போய்ச் சொல்லிக் கொடுக்கிறோம் என்கிறார்கள். எல்லாரும் தயார். உத்தரவு ஒன்றுதான் பாக்கி. பனிக்காலம் வருகிறது, தலைவர் ஐயா. அதற்கு மேல் இந்தக் கிழவி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இத்தகைய கூட்டத்தில் கடைசியில் எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பது வழக்கம். எனக்கு ஒரு ஆசை. டாக்டரம்மாவுக்கு மௌனம் பிடிக்காது. சத்தம் நின்றுபோனால்தான் அவர் பயப்படுவார். அதனால் எழுந்திருங்கள். பக்கத்தில் நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டாம். பெரியவரா சின்னவரா, டாக்டரா டிரைவரா, பார்க்க வேண்டாம். அவர் மணிக்கட்டைப் பிடியுங்கள். கட்டை விரலுக்குக் கீழே, இரண்டு விரல். கிடைத்ததா? அவசரமில்லை. தேடுங்கள், கிடைக்கும். திரையில் இருக்கிற பிள்ளைகளே, நீங்களும். ஐயா, முன்வரிசையில் இருக்கிற நீங்கள் உங்கள் கையை என்னிடம் கொடுங்கள். தலைவர் ஐயா, உங்கள் நாற்காலிக்குப் பின்னால்தான் காவலாளி நிற்கிறார்.

இன்னொரு கை சும்மா இருக்கிறதே. நாற்காலியில், மேஜையில், சுவரில், எதில் வேண்டுமானாலும். கொட்டகை வரைக்கும் கேட்க வேண்டும்.

தட்டுங்கள்.